ஆளுயரப் புல்லை வெட்டியவர்கள்

போன கிழமை இங்கே சுவிஸில், டீட்டிகோன் ரயில் நிலையத்தடியில் ஒருவர் சோளம் அவித்து விற்றார். ஆவி முகத்தில் பட்டதும் நெனிட்டாவின் நினைவு வந்துவிட்டது. இப்போதெல்லாம் நினைப்பதற்குக்கூட எனக்கு ஓரிடத்தில் குந்தவேண்டியிருக்கிறது.

நான் இந்த நாட்டில் செய்த முதல் வேலை ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில். நெனிட்டா பிலிப்பைன்ஸ்காரி. விரிப்பின் ஒரு நுனியை அவர் பிடிப்பார், மறுநுனி எனக்கு. மத்தியானத்துக்கு உடைத்த சோளத்தைச் சோறுபோல அவித்துக் கொண்டுவருவார். நாங்கள் கதைத்தது டொச்சில், இங்கத்தை ஜெர்மன் மொழியில். என்னுடையது அவருடையதைவிட மோசம். அதனால் அவர் சொன்னதை என் தமிழிலேயே எழுதுகிறேன்.

"எங்கடை ஊருக்கு என்னைவிடக் கொஞ்சம்தான் வயசு கூட," என்றார் ஒருநாள்.

தெற்கே மிண்டனாவோ தீவில் காணி தருவதாக அரசாங்கம் சொன்னதும், அவருடைய தகப்பன் வேறொரு தீவிலிருந்து கப்பலேறிப் போயிருக்கிறார். ஆளுயரப் புல்லை வெட்டி எரித்து, முதலில் சோளம், பிறகு தென்னை. விட்டுவந்த ஊரின் பெயரையே புது ஊருக்கும் வைத்தார்களாம்.

என் கை நின்றுவிட்டது. இலங்கையில், வன்னியில், எங்கள் தகப்பன் ஐயாவின் வயலில் அரசாங்கம் சிங்கள ஆட்களைக் குடியேற்றியிருந்த காலம் அது.

"அங்கை முதல் ஆர் இருந்தவை?"

"மலைச் சனம். அவை இன்னும் மேலை ஏறிப் போட்டினம்."

அதன்பிறகு பல கிழமை விரிப்பு மடித்தோம், கோபத்தில் நான் அவரோடு கதைக்கவில்லை. வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி அடுப்பிலிருந்து திரும்பாமலே கேட்டாள்: "உங்கடை ஐயாவும் யாழ்ப்பாணத்திலையிருந்து போய்க் காடு வெட்டினவர்தானே. அங்கை முதல் ஒருத்தரும் இருக்கேல்லையோ?"

எனக்குத் தெரியவில்லை. ஐயா இருந்தவரை நான் கேட்டதேயில்லை.

மன்னிப்புக் கேட்க டொச்சில் சொற்களைக் கூட்டி முடிப்பதற்குள் நெனிட்டா விடுமுறையில் ஊருக்குப் போய்விட்டார். மெலிந்துபோய்த் திரும்பினார். விளைச்சல் வீட்டுக்கே போதாமல், தம்பி காணியை ஒரு வாழைத்தோட்டக் கம்பனிக்கு நீண்ட குத்தகைக்குக் கொடுத்துவிட்டாராம்.

"ஒரு தென்னையும் இல்லை. வீடு நிண்ட இடம் எதெண்டு எனக்கே தெரியேல்லை. தம்பி இப்ப கம்பனிக் கொட்டிலிலை வாழைக்காய் கழுவுறான். பக்கத்திலை நிண்டு கழுவுறது ஆர் தெரியுமோ? அந்த மலைச் சனத்திலை ஒருத்தன்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மன்னிப்புக்குச் சேர்த்துவைத்த சொற்களை விட்டுவிட்டு அடுத்த விரிப்பின் நுனியை எடுத்தேன்.

அந்தச் சலவை அறை இப்போது இல்லை. துணிகளை லொறியில் வெளியே அனுப்புகிறார்கள். நெனிட்டா எங்கே என்றும் தெரியாது. போன வருடம் வன்னிக்குப் போனேன். பழைய வரம்புகளை உடைத்துவிட்டிருந்தார்கள். ஐயாவின் வயலில் நின்ற ஒருவர் சிங்களத்தில் ஏதோ கேட்டார். ஒன்றுமில்லை என்று கையைக் காட்டிவிட்டு றோட்டில் விட்டிருந்த வாடகை வானுக்குத் திரும்பி நடந்தேன்.