ஒலீட்டாவுக்கு ஒரு துப்பாக்கி

டெல்மர் ஸ்டிட்ஹமைக் கேட்காமல் அந்தப் பள்ளத்தாக்கில் யாரும் தன் மனைவிக்குத் துப்பாக்கி வாங்கியதில்லை. முப்பது வருடம் மாவட்டச் சாலைத் துறையில் வண்டி ஓட்டியவர். அந்த வேலையில் அவர் பெரிதாகப் பெயர் எடுக்கவில்லை. ஏன் என்பது அவர் சீர் செய்த சாலைகளில் போனவர்களுக்குத் தெரியும். ஆனால் இடுப்பில் மறைத்து வைத்துக்கொள்ளும் துப்பாக்கி என்று வந்துவிட்டால், கென்டக்கி மலைப்பக்கத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து பீன்ஸும் சோளரொட்டியுமாகத் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும், நாலு பேர் வந்து சூழ்ந்துகொள்வார்கள்.

"பொம்பளைக்குச் சின்னக் கை, அதனால சின்னத் துப்பாக்கின்னு வாங்கிட்டு வந்து நிக்காத. சின்னதுலதான் ஸ்பிரிங்கு கல்லாட்டம் இருக்கும். மேல இருக்கற ஸ்லைடைப் பின்னால இழுக்கவே முடியாது. இழுத்தாத்தான் மொதத் தோட்டா உள்ள ஏறும். ஏறலைன்னா அது துப்பாக்கி இல்லப்பா, வெறும் இரும்பு."

இதைச் சொல்லாத ஞாயிற்றுக்கிழமை இல்லை. அப்படிப்பட்ட மனிதர், போன ஏப்ரலில், கடையிலேயே சின்னதாக, கடையிலேயே ஸ்பிரிங் கெட்டியானதாக ஒன்றைத் தன் மனைவிக்காக வேண்டுமென்றே தேடிப் போனார்.

விஷயம் பிப்ரவரியில் தொடங்கியது. ஒரு நாள் காலை கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டு உள்ளே வந்தவரை, அடுப்படியில் நின்றிருந்த ஒலீட்டா மேலும் கீழும் பார்த்தாள்.

"ஐயா, கதவைத் தட்டிட்டு வர்ற பழக்கம் இல்லையா?"

விளையாடுகிறாள் என்று டெல்மர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"என் வீட்டுக்காரர் கோழிக்கூட்டுலதான் இருக்கார். கூப்பிட்டா ஓடி வந்துருவார்."

"கூப்பிடேன்" என்றார், இன்னும் சிரித்துக்கொண்டே.

அவள் அவர்மேல் ஒரு கண் வைத்தபடியே ஜன்னலைத் திறந்து, ஆளில்லாத கொல்லையைப் பார்த்து "டெல்மர்! டெல்மர்!" என்று கத்தினாள். டெல்மர் சிரிப்பை நிறுத்தினார். எங்கே கோழிக்கூட்டிலிருந்து யாராவது "இதோ வந்துட்டேன்" என்று பதில் சொல்லிவிடுவார்களோ என்றுகூட அந்தக் கணத்தில் பயந்தார். பேசாமல் வெளியே போய்த் தன் லாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். கால் மணி நேரம் கழித்து உள்ளே வந்தபோது, காபியை ஊற்றி அவர் முன்னால் வைத்தாள்.

"எங்க போய்த் தொலைஞ்ச? நீ இல்லாதப்ப ஒருத்தன் உள்ள வந்துட்டான்."

பிறகு வாரம் ஒரு முறை வந்தான். மார்ச்சில் வாரம் மூன்று முறை. டெல்மர் யாரிடமும் மூச்சு விடவில்லை. டாக்டரிடம் சொன்னால் புத்தி பேதலித்துவிட்டது என்று எழுதிவிடுவார். எழுதிவிட்டால் அவளை எங்கோ கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். நாற்பத்திரண்டு வருடம் ஒரே கட்டிலில் படுத்தவருக்கு அதை நினைத்துப் பார்க்கவே தெம்பு இல்லை. தன்னுடைய துப்பாக்கிகளை எல்லாம் இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டின் ரகசிய எண்ணை மாற்றினார். அத்துடன் சமாளித்துவிடலாம் என்று நினைத்தார்.

அவள் தெளிவாக இருந்த ஒரு மாலையில் மனதைத் திடப்படுத்திக்கொண்டு உண்மையைச் சொல்லியும் பார்த்தார்.

"ஒலீட்டா, அந்த ஆளு நான்தான் கண்ணு."

அவள் பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு அவர் முகத்தைப் பிடித்து, நன்றாகத் திருப்பிப் பார்த்தாள். "இல்ல. உன் முகத்தைத்தான் வச்சிருக்கான். ஆனா அது நீ இல்ல. எனக்குத் தெரியாதா?" அதற்குப் பிறகு ஷேவ் செய்யும்போது டெல்மர் கண்ணாடியை அதிக நேரம் பார்ப்பதில்லை.

அடுத்த வாரம்தான் அவள் கேட்டாள். "எனக்கும் ஒண்ணு வேணும். எப்பவும் உடம்போட வச்சுக்கற மாதிரி. ஊருக்கெல்லாம் பாத்துக் குடுக்கற, எனக்குப் பாத்துத் தர மாட்டியா?"

முடியாது என்று எந்த வாயால் சொல்வார்? பயப்படும் பெண் கையில் ஒன்று இருக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தவர் அவர்தானே. அன்று இரவு முழுக்க யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருடம் அண்டா தூக்கியதில் ஒலீட்டாவின் விரல் மூட்டுகள் வீங்கிப்போயிருந்தன. ஊறுகாய் பாட்டில் மூடியைக்கூட அவரிடம்தான் நீட்டுவாள். அந்த விரல்கள் இழுக்க முடியாத ஸ்பிரிங் ஒன்று போதும். அவளுக்குத் துப்பாக்கி, அவருக்கு உயிர்.

ஒலீட்டாவையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரி கார்லாவுக்கு இருவரையும் சின்ன வயதிலிருந்தே தெரியும். டெல்மர் சுட்டிக்காட்டியதைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள்.

"என்ன பெரியவரே, விளையாடறீங்களா? வேற எவனாவது இதைக் கேட்டா நீங்களே அவன் மானத்தை வாங்கியிருப்பீங்க." உள்ளே போய் வேறொன்றை எடுத்து வந்தாள். "இது விரல் முடியாதவங்களுக்குன்னே வந்தது. வெண்ணெய் மாதிரி இழுக்கலாம்."

"அது தடிமன். இடுப்புல துருத்தும்" என்றார் டெல்மர். அவர் காது சிவந்துவிட்டது.

ஒலீட்டா சின்னதை வாங்கி இழுத்துப் பார்த்தாள். நகரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இழுத்தாள். மூன்றாவது முறை கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. டெல்மருக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. இறங்கிய வேகத்தில் வெட்கமும் வந்து ஏறியது. மனைவியின் வலியைப் பார்த்து நிம்மதிப்பட்ட ஒரே புருஷன் உலகத்தில் தான்தான் என்று நினைத்துக்கொண்டார்.

"யாரைக் கண்டு பயம் உனக்கு?" என்று கார்லா அவளிடம் கேட்டாள்.

"வீட்டுக்குள்ள ஒருத்தன் வர்றான். என் புருஷன் சட்டையைப் போட்டுட்டு வர்றான். இவன் மாதிரியே இருமறான், செருப்பைக்கூட இவன் விடற இடத்துலயே விடறான்."

"கொடியில காயறதை எடுத்துப் போட்டுருப்பான், திருட்டு நாயி" என்றாள் கார்லா. ஆனாலும் அவள் கைமயிர் குத்திட்டு நின்றது. "டெல்மர் சொல்றதைக் கேக்காத. இந்தப் பெருசையே எடுத்துக்க."

"நாப்பது வருஷமா இவன் எனக்குத் தப்பா ஒண்ணு சொன்னதில்ல" என்றாள் ஒலீட்டா. சின்னதையே வாங்கினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் டெல்மர் அதைத் தனியாக எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். உள்ளே தோட்டாவைத் தட்டும் ஊசியைக் கொஞ்சம் அராவிவிட்டால் அது எப்போதுமே வெடிக்காது. பத்து நிமிட வேலை. அரத்தைக் கையில் எடுத்தார். பழுதில்லாத ஒரு துப்பாக்கியை வேண்டுமென்றே பழுதாக்குவதா? மனிதர்களிடம் நூறு பொய் சொல்லியிருக்கிறார், இதில் ஒரு நாளும் பொய் செய்ததில்லை. வெடிக்காத ஒன்றை நம்பச் சொல்லி ஒருத்தி கையில் கொடுப்பது பாவம் என்றுதான் எல்லோருக்கும் சொல்லி வந்தார். நிஜமாகவே எவனாவது வந்துவிட்டால்? அரத்தை இருந்த இடத்தில் வைத்தார். தோட்டாக்களையும் நிரப்பியே கொடுத்தார், முதல் தோட்டாவை உள்ளே ஏற்றாமல். ஸ்பிரிங் இருக்கவே இருக்கிறது. அட முட்டாளே என்று அவரைப் பிடித்து உலுக்கலாம் போலிருக்கிறது, ஆனால் அந்த மலையில் அவர் வயது ஆள் எவனும் அந்த ஊசியை அராவியிருக்க மாட்டான்.

பதினெட்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. பத்தொன்பதாம் நாள் காலை, முட்டைகளை எடுத்துக்கொண்டு அவர் உள்ளே வந்தபோது, ஒலீட்டா சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். கையில் துப்பாக்கி.

"அங்கயே நில்லுங்க ஐயா."

"நிக்கறேன்." முட்டைக் கூடையைக் கீழே வைத்தார். பயப்பட ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உள்ளே தோட்டா ஏறவில்லை. அவளால் ஏற்றவும் முடியாது.

ஒலீட்டா இழுத்துப் பார்க்கவே இல்லை. ஸ்லைடின் மேல் துருத்திக்கொண்டிருக்கும் குறி பார்க்கும் முனையை மேசை விளிம்பில் மாட்டி, உடம்பு பாரம் மொத்தத்தையும் போட்டு ஒரு அழுத்து அழுத்தினாள். ஸ்லைடு பின்னால் போய்ச் சடக்கென்று திரும்பியது. தோட்டா ஏறிவிட்டது.

"எனக்குக் கை ஒடிஞ்சு கட்டுப் போட்டிருந்தப்ப என் வீட்டுக்காரர் சொல்லிக் குடுத்தது" என்றாள்.

சொல்லிக்கொடுத்தது நிஜம்தான். கல்யாணமான மூன்றாம் வருடம், இதே மேசையில், அவள் சரியாகச் செய்யும்வரை விடாமல். அதை மறந்தது அவள் இல்லை, அவர்.

துப்பாக்கி ஆடாமல் அவர் நெஞ்சுக்கு நேராக நின்றது. அதைப் பிடித்திருந்தவளின் கன்னமெல்லாம் கண்ணீர்.

"அவர் சட்டை உங்க மேல எப்படி வந்துச்சு? எத்தனை நாளா கேக்கணும்னு இருந்தேன். அவர் செருப்பு, அவர் தொப்பி, எல்லாம் உங்ககிட்ட இருக்கு. அவரை என்ன செஞ்சீங்க?"

இத்தனை நாள் அவள் தன் உயிருக்குப் பயப்படுகிறாள் என்றுதான் டெல்மர் நினைத்திருந்தார். ஒரு நாளும் அவள் அப்படிச் சொன்னதில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. துப்பாக்கி கேட்டது அவரைக் காப்பாற்றத்தான்.

"அவருக்கு ஒண்ணும் ஆகலைம்மா. வெளியதான் இருக்கார். நான் போய் அனுப்பி வைக்கறேன்."

முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தார். கதவு வரை ஆறே எட்டுத்தான். ஒவ்வொரு எட்டிலும் முதுகு கூசியது. வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டு படிக்கட்டில் நின்றார். லாரிக்குப் போய்விடலாம், கால் மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் உள்ளே அவள் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். அவர் செத்துவிட்டார் என்று அழுதுகொண்டிருந்தாள். அதைக் கேட்டுக்கொண்டு எப்படிப் போவது?

"ஒலீட்டா" என்று கூப்பிட்டார். "நான்தான். டெல்மர்."

அழுகை நின்றது. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"உசுரோட இருக்கியா?"

"இருக்கேன் கண்ணு."

"தனியாவா நிக்கற? அவன் போயிட்டானா?"

டெல்மர் கதவுக் கண்ணாடியைப் பார்த்தார். தொப்பி போட்ட ஒரு கிழவன் அதிலிருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியலை. உள்ள வர்றேன், நீயே பாத்துச் சொல்லு" என்று கதவைத் தள்ளினார்.