வெட்டில்லை, துளைதான்

ஒரு மனிதரிடம் நான் பொய்யாக மொழிபெயர்த்துச் சொன்னேன். அப்போது இலங்கையில் குருவிட்டைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் மருந்து கொடுப்பவனாக இருந்தேன். அவர் அங்கே ரப்பர் மரங்களைக் கத்தியால் கீறிப் பால் வெட்டுபவர். எழுபதை நெருங்கிய ஒல்லி மனிதர். இரண்டு சிறுநீரகத்திலும் கல். வலி வந்தால் விலாவை மரத்தோடு அழுத்திக்கொண்டு நிற்பார். அது அடங்கிய பிறகே அடுத்த மரத்துக்குப் போவார்.

டவுன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: முதுகில் சிறு துளையிட்டுக் கல்லை உடைத்து எடுத்துவிடலாம், இந்த வயதிலும் தாங்குவார், இன்றே வார்டில் சேருங்கள். சேர்த்தால் நானும் துணைக்குத் தங்க வேண்டும். கடைசி பஸ் போய்விடும்.

“வயித்த வெட்டணுமாம். இந்த வயசுல தாங்காதாம்” என்றேன்.

“கெழட்டு மரத்துல கத்தி வைக்கக் கூடாதுதாங்கய்யா” என்று சிரித்தார்.

ஒரு வருடம் அவர் மரங்களில் சாய்ந்து நிற்பதைப் பார்த்தேன். பிறகு அவருடைய லயத்து வீட்டுக்குப் போய், பஸ்ஸுக்காகப் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டு, மறுநாளே அதே டாக்டரிடம் கூட்டிப்போனேன். சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டன, இனித் துளையிட்டும் பயனில்லை என்றார் டாக்டர்.

இம்முறை ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். ஆஸ்பத்திரித் தூணில் விலாவை அழுத்தியபடி கேட்டார்.

“எம்புட்டுப் பெரிய துளைங்கய்யா அது?”

சுண்டுவிரலைக் காட்டினேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாங்கய்யா, பஸ் போயிரும்” என்றார்.

அந்த மழைக்காலத்திலேயே இறந்துபோனார். பஸ் போயிரும் என்றதைக் கோபத்தில் சொன்னாரா, என்மேல் இரக்கப்பட்டுச் சொன்னாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.