இருபத்து மூன்றாம் கொக்கி

பதினேழாம் எண் பித்தளை வில்லையைப் பழந்துணியால் ஒரு தேய்ப்புத் தேய்த்து, எண் வெளியே தெரியும்படி பலகைக் கொக்கியில் மாட்டுகிறார் எந்தின். அடுத்தது பதினெட்டு. ஒவ்வொன்றுக்கும் அதன் சொந்தக்காரர் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொள்வார். நாற்பத்தொரு வில்லை, நாற்பத்தொரு பெயர். நடுவில் யாராவது "தெத்தே, காப்பி ஆறுது" என்று குரல் கொடுத்துவிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார். விவரம் தெரிந்தவர்கள் கூப்பிடுவதில்லை.

இயக்குநர் முதல் வாசல் காவலர் வரை எல்லாருக்கும் அவர் தெத்தே, அதாவது அக்கா. ஜாவாவின் தென்கடலோரம், சிபாங்கூர் ஆராய்ச்சிக்கூடத்தின் உள்வாசலில் அவருடைய அறை. அங்கே ராணுவத்துக்காகப் புதுவகை எஞ்சின் ஒன்றைச் செய்துபார்க்கிறார்கள். எரிவதற்கான காற்றைச் சுமந்துகொண்டு போகாமல், பறக்கும் வேகத்திலேயே எதிர்க்காற்றை விழுங்கி எரிகிற எஞ்சின். அதைக் கட்டிப்போட்டு, பெரிய தொட்டிகளில் அடைத்த காற்றை எதிரே பீய்ச்சிச் சில விநாடி எரியவிடுவார்கள்.

உள்ளே போகிறவர் தன் வில்லையைக் கழற்றி எடுத்துப் போகவேண்டும். வெளியே வந்ததும் மாட்டவேண்டும். காலிக் கொக்கி என்றால் ஆள் உள்ளே என்று அர்த்தம். நாற்பத்தொன்றும் நிறைந்தால்தான் பற்றவைக்கும் சாவியை எந்தின் இடுப்பிலிருந்து அவிழ்ப்பார். வெளிநாட்டில் முனைவர் பட்டம் வாங்கி வந்தவர்கள்கூட அதுவரை கைகட்டி நிற்கவேண்டியதுதான்.

பத்தொன்பது வருட வேலையில் அந்த நெருப்பை அவர் பார்த்ததே இல்லை. அவருடைய ஜன்னல் தென்னந்தோப்பைப் பார்த்தது. எஞ்சின் எரியும்போது மேஜைமேல் தேநீர்க் கிளாஸ் நகரும், அவ்வளவுதான். "இன்னிக்கு நாலு விரக்கடை நகந்துச்சு. நல்லாத்தான் எரிஞ்சிருக்கும்" என்பார். கருவிகளைப் பார்க்கும் முன்னால் அவரிடம் வந்து கிளாஸைப் பற்றி விசாரிக்கும் பொறியாளர்களும் உண்டு.

கல்யாணத்துக்கு வேனில் போனாலும் தலை எண்ணாமல் வண்டியை எடுக்க விடமாட்டார். "சம்பந்தி வீட்டுல என்னைப் போலீஸ்காரின்னே நெனச்சுட்டாங்க" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். சிரித்துவிட்டு மறுபடி எண்ணுவார்.

பதினொரு வருடத்துக்கு முன்னால் வில்லைகள் கிடையாது. எந்தின் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தார். ஒரு சோதனைக்கு முன் "தத்தாங் எங்க?" என்று யாரோ கேட்டார்கள். எந்தின் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். வண்டிக் கொட்டகையில் குழாய் ஃபிட்டர் தத்தாங்கின் மோட்டார் சைக்கிள் இல்லை. "வண்டி இல்ல, போயிட்டாரு" என்றார். அன்று காலை தத்தாங்கின் மனைவி அந்த வண்டியைச் சந்தைக்கு எடுத்துப் போயிருந்தாள். தத்தாங் எஞ்சினுக்குக் கீழே பள்ளத்தில் ஒரு குழாயை முடுக்கிக்கொண்டிருந்தார். ஏழு விநாடி எரிந்தது. விசாரணையில் யாரும் எந்தினை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவருக்கு இன்றுவரை ஆறவில்லை.

போன மாதம் தலைநகரிலிருந்து ஜெனரல் ஒருவர் சோதனை பார்க்க வந்திருந்தார். பலகையில் நாற்பது வில்லைகள். இருபத்து மூன்றாம் கொக்கி காலி. அது வெல்டர் யாயனுடையது. போன் அடித்தால் அணைந்து கிடந்தது. எல்லாரும் பாக், அதாவது ஐயா, என்று கூப்பிடும் இயக்குநர் வர்தோயோ வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

"தெத்தே, யாயன் வண்டி கொட்டகையில இல்ல. வீட்டுக்குப் போயிட்டான். சாவியக் குடுங்க."

எந்தினின் கை சாவியைப் பொத்திக்கொண்டது.

"அவன் போனதை யாரு பாத்தா, பாக்?"

"வண்டி போனதை வாசல்ல பாத்திருக்காங்க."

"ஓட்டினது யாரு?"

"ஹெல்மெட் போட்டிருந்தா மூஞ்சி எப்படித் தெரியும்?"

"அப்ப வண்டிதான் போயிருக்கு."

"ரெண்டு நாளா அடைச்ச காத்து, தெத்தே! இருபது நிமிஷத்துல அழுத்தம் இறங்கிடும். ஜெனரல் வாட்சையே பாத்துட்டு உக்காந்திருக்காரு. என் மானத்தை வாங்காதீங்க."

"உள்ள ஆளை அனுப்பித் தேடச் சொல்லுங்க."

"இது உத்தரவு."

"சரி பாக். இடுப்புலதான் இருக்கு. நீங்களே அவுத்துக்குங்க."

வர்தோயோவின் முகம் கறுத்தது. ஆறு பேரை உள்ளே தேட அனுப்பினார், ஒருவரைக் கடைவீதிக்கும் அனுப்பினார். காற்றுக் குழாய், கருவியறை, எஞ்சினுக்குக் கீழே அந்தப் பள்ளம், எல்லா இடமும் பார்த்தார்கள். நாற்பது நிமிடம். அதற்குள் தொட்டியில் காற்று இறங்கிப்போய், ஜெனரலின் கார்களும் புழுதி கிளப்பிப் போய்விட்டன. எந்தின் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. தேடப் போனவர்கள் வெறுங்கையோடு வந்தபோதும் காலிக் கொக்கியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைவீதிக்குத் தேடப் போனவர்தான் யாயனை அழைத்துவந்தார். ஒரு பக்கம் வெட்டி ஒரு பக்கம் வெட்டாத தலை. கழுத்தில் முடிவெட்டுக் கடைத் துண்டு.

"ஒன்பது மணிக்கே வேலை முடிஞ்சுது, தெத்தே. ஜெனரல் வராரே, கொஞ்சம் பாக்கற மாதிரி இருக்கலாம்னு போனேன். வில்லை பையிலயே இருந்திருக்கு. கூட்டத்தோட வெளிய வந்ததுல மாட்ட மறந்துட்டேன்."

"உன் முடிக்கு ரெண்டு நாள் காத்துடா!" என்று யாரோ கத்தினார்கள். வாயில் வந்தபடியெல்லாம் திட்டினார்கள். யாயன் தலையைக் குனிந்துகொண்டான்.

"உங்களுக்கும் மெமோ வரும், தெத்தே. ஆள் கடைவீதியில, நீங்க இங்க சோதனையையே கெடுத்துட்டீங்க" என்றார் வர்தோயோ.

"குடுங்க பாக், வாங்கிக்கறேன்."

எந்தின் யாயனிடம் கையை நீட்டினார். அவன் சட்டைப்பையிலிருந்து வில்லையை எடுத்து வைத்தான். அவன் உடம்புச் சூடு பித்தளையில் அப்படியே இருந்தது. எந்தின் அதைத் துடைக்கவில்லை, மாட்டவும் இல்லை. விரல்களை மடக்கி, சூடு முழுவதும் ஆறும்வரை உள்ளங்கையிலேயே வைத்திருந்தார். பிறகுதான் இருபத்து மூன்றாம் கொக்கியில் மாட்டினார்.