மூக்குக்கு எக்ஸ்ரே இல்லை

போன மாதம் எங்கள் கோர்ட்டில் ஒருவர் கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார். மதியச் சாப்பாட்டுக்கு அல்ல. சாட்சியை மடக்க!

பிரித்தவர் இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல். கூண்டில் நின்றவர் என் கட்சிக்காரர் பேச்சியம்மாள்.

நான் விபத்து கேஸ் வக்கீல். அடுத்தவர் கை கால் முறிந்தால்தான் என் வீட்டில் உலை கொதிக்கும். பெருமைப்படுகிற தொழிலா? தெரியாது. ஆனால் பேச்சியம்மாளுக்கு எதுவுமே முறியவில்லை. அதுதான் சிக்கல்.

தென்காசிப் பக்கமிருந்து மலையாளச் சீமைக்குப் பிழைக்க வந்தவர். மட்டாஞ்சேரியில் ஒரு மசாலா கிடங்கில் வேலை. ஏலம், மிளகு, சுக்கு... ஒரு கை அள்ளி மோந்து பார்த்தே பழசா புதுசா என்று சொல்லிவிடுவார். சுள்ளிக்கல்லில் ரோட்டைக் கடக்கும்போது ஒரு பஸ் இடித்துத் தள்ளியது. பின்மண்டையில் அடி. தையல் போட்டார்கள், காயம் ஆறியது. வாசனை மட்டும் போனது போனதுதான். கூடவே வேலையும்.

எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே சாட்சி சொல்லும். மூக்குக்கு யார் சொல்வது? எனக்கு வக்கீல் புத்தி வேலை செய்தது.

“கழுத்தும் வலிக்குதுன்னு சேர்த்துக்கலாமா? ஒரு பட்டை மாட்டிக்கிட்டு வாங்க.”

“கழுத்து நல்லாத்தானே இருக்கு வக்கீலம்மா?”

வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரம்தான்.

விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் டாக்டர் சர்டிபிகேட்டைத் தூக்கிக் காட்டி, மலையாளம் கலந்த தமிழில் ஆரம்பித்தார். “இது இவர் பறஞ்சதை வெச்சு டாக்டர் எழுதியதல்லே? நடிக்க ஏதாவது கஷ்டமுண்டோ?” என்றவர், பேச்சியம்மாளின் முதுகுக்குப் பின்னால் போய்ப் பொட்டலத்தைப் பிரித்தார்.

டைப்பிஸ்ட் துப்பட்டாவால் மூக்கைப் பொத்தினார். ஜட்ஜம்மா கர்சீப்பைத் தேடினார். நான் மூச்சை அடக்கினேன். பேச்சியம்மாள் மட்டும் நிமிர்ந்து நின்றார். சுற்றிலும் பார்த்துவிட்டு, “எல்லாருக்கும் என்னாச்சு?” என்றார்.

“முதல்ல அதை மூடி வெளியே கொண்டுபோங்க!” என்று ஜட்ஜம்மா சத்தம் போட்டார். பிறகு பேச்சியம்மாளிடம், “வாசனை இல்லாம வீட்டில் எந்தா பிரச்சினை?” என்று கேட்டார்.

“ஒருநா கேஸ் லீக்காயிருக்கு, எனக்குத் தெரியல. தீப்பெட்டியைக் கையில எடுத்துட்டேன். எதிர்வீட்டுச் சேச்சி ஓடி வந்து பிடுங்கினாங்க. உள்ள எம்புள்ள தூங்கிட்டிருந்தா. அதுலருந்து அடுப்பு பத்த வைக்கணும்னா சேச்சியைத்தான் கூப்பிடுறேன் அம்மா.”

எதிர்த்தரப்பு வக்கீல் சர்டிபிகேட்டை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. கிடங்கு முதலாளியும் சாக்குத் தைக்கும் வேலை கொடுத்துக் கூப்பிட்டுக்கொண்டார்.

சந்தோஷத்தில் ஒரு டப்பா முறுக்கோடு வந்தார் பேச்சியம்மாள். ஒன்றைக் கடித்தேன். எண்ணெய்ச் சிக்கு வாடை அடித்தது. சொல்வதா, விழுங்குவதா? கழுத்துப் பட்டை யோசனை சொன்ன அதே நான், முதல் தடவையாக உண்மையைச் சொன்னேன்.

“எண்ணெய் கெட்டுப்போச்சு பேச்சியம்மா.”

அவர் திகைத்தார். “கெட்டுப்போச்சா? எங்க வீட்டுக்காரரு நேத்து பத்து முறுக்கு தின்னாரே! ‘ஜோரா இருக்கு’ன்னாரே! அந்த விபத்துக்கப்புறம் எதைச் சமைச்சாலும் ஜோருன்னுதான் சொல்றாரு...”

அவர் கண் கலங்கியது. உடனே சிரிப்பும் வந்தது. “அந்த மனுசனைக் கூண்டுல ஏத்துங்க வக்கீலம்மா!”

ஏற்றி என்ன பயன்? அப்படிப்பட்ட பொய்ச் சாட்சியை உடைக்க எந்த வக்கீலாலும் முடியாது.