மேல் கிளைகள் இல்லாத படம்

உல்ரிகா எடுக்கும் பித்தக்குழாய் எக்ஸ்ரேயைப் பார்த்தால் வடதுருவ ஒளியே வெட்கப்பட்டுப் போர்வைக்குள் புகுந்துகொள்ளும். அப்படிப் படம் பிடிக்க இனி எவளும் பிறக்கப்போவதில்லை. பிறந்தாலும் ஈயக் கவசத்தோடுதான் பிறக்கவேண்டும்.

இதை அவளிடம் சொன்னால் மூச்சை 'ஷ்ஷுப்' என்று உள்ளே இழுப்பாள், அவ்வளவுதான். பனிநாட்டு லுலியோ நகருக்கு வடக்கே 'ஆமாம்' என்பது அதுதான். மார்ச்சில் கணவன் ஹோல்கர் உறைந்த ஏரி உடைந்து பனி ஸ்கூட்டரோடு மூழ்கிப் போனதிலிருந்து எல்லாவற்றுக்கும் அதே ஷ்ஷுப். சவப்பெட்டி பைன் மரத்தில் போதுமா? ஷ்ஷுப். படிப்பைப் பாதியில் விட்ட பதினேழு வயது மகன் ஈவார், காபியில் உப்பைக் கொட்டி வைத்தான். முழுக் கோப்பையும் குடித்தாள். "நல்லாயிருக்கா?" என்றான். ஷ்ஷுப். அவன்தான் எழுந்துபோய்ப் புதுக் காபி போட்டான்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, பள்ளி பஸ் ஓட்டும் மாய்-பிரித் ஆபரேஷன் மேசையில் கிடந்தாள். வயிற்றில் நான்கே துளை போட்டுக் கல் நிறைந்த பித்தப்பையை எடுக்கவேண்டும். வெட்டுமுன் குழாயில் ஒரு கிளிப் போட்டு அடைத்து, அதற்குக் கீழே கீறிச் சாயம் ஏற்றிப் படம் பார்ப்பது அங்கே வழக்கம். படம் அசையாமலிருக்க மூச்சு மெஷினைச் சில நொடி நிறுத்தினார்கள். உல்ரிகா எக்ஸ்ரே பெடலை மிதித்தாள். திரையில் கறுத்த கோடொன்று குடல்வரை இறங்கியது.

"அருமை! போதும்ல, உல்ரிகா?" என்றான் சர்ஜன் ஸ்டஃபான். "வெளியே லவங்கப்பட்டை பன் ஆறிக்கிட்டிருக்கு."

ஷ்ஷுப்.

அவன் அடுத்த கிளிப் போடும் கருவியைக் கையில் வாங்கினான். அப்போதுதான் அவள் திரையைப் பார்த்தாள். கீழே எல்லாம் இருந்தது. மேலே, கல்லீரலுக்குள் பிரியவேண்டிய இரண்டு கிளைகளையும் காணோம். அப்படியென்றால் அவன் வெட்டப்போவது பையின் சின்னக் குழாயை அல்ல, கல்லீரலின் பெரிய வடிகாலையே. வெட்டிவிட்டால் மாய்-பிரித்தின் மிச்ச ஆயுள் ஆஸ்பத்திரியோடுதான்.

மறுநொடியே, "நிறுத்து" என்றாள்.

"இப்பத்தானே ஆமான்னே?"

"பார்க்காம சொன்னேன். மேல ஒண்ணுமே தெரியல. மேசையைத் தலைப்பக்கம் தாழ்த்து, சாயம் கல்லீரல் பக்கம் போகட்டும். இன்னொண்ணு எடுக்கணும்."

"உனக்கெல்லாம் பசியே எடுக்காதா?"

"எடுக்கறதில்ல."

தாழ்த்தி, சாயம் ஏற்றி, மறுபடி மிதித்தாள். மேலே மறுபடியும் வெறுமை. ஸ்டஃபான் பன்னை மறந்து மூத்த சர்ஜனுக்கு ஆள் அனுப்பினான். பெரிய குழாயில் ஏற்கெனவே தப்பாகப் போட்ட கிளிப்பைக் கழற்றி, சாயத்துக்காகக் கீறிய இடத்தைத் தைத்து முடிக்க மூன்று மணிநேரம் ஆயிற்று. குழாய் பிழைத்தது. கிறிஸ்துமஸுக்கு முன்பே மாய்-பிரித் பஸ்ஸில் பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருந்தாள்.

இதுவரை உள்ள கதையை ஈவார் எழுதி, அம்மாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வேறெதையோ தேடுபவன்போல் ஃபிரிட்ஜைத் திறந்துகொண்டு நின்றான். உல்ரிகா படித்தாள். அவள் விரல் ஒரு சொல்லில் நின்றது.

"'மறுநொடியே'ன்னு உனக்கு யார் சொன்னா?"

"கதைல அப்படித்தாம்மா எழுதணும்."

"கிளிப் கருவியோட வாய் குழாயைச் சுத்தி வர்ற வரைக்கும் சும்மா பார்த்துக்கிட்டு நின்னேன், ஈவார். யாரோ வீட்டு டிவியைப் பார்க்கிற மாதிரி. அதையும் எழுது."