ஏரி நிரம்பிய வருஷம்

ஒரகடத்தில் லாரியிலிருந்து மெஷின் இறக்கிக்கொண்டிருந்தோம். கயிறு பிடித்த எங்களுக்கு மேஸ்திரி, "இழு… வுடு… இழு…" என்று குரல் கொடுத்தார். எனக்கு ஸ்டெல்லாவின் குரல் கேட்டது.

பள்ளியில் துடுப்புப் படகு அணி தொடங்கியவள் அவள். படகு இல்லை, ஏரியில் தண்ணீரும் இல்லை. வெடித்துக் கிடந்த தரையில் கம்பெனி நீல டிரம்களைப் படுக்கவைத்து, வரிசையாக உட்கார்ந்து மூங்கிலால் காற்றைத் துழாவினோம். போகும் திசை எங்கள் முதுகுக்குப் பின்னால். எதிரே உட்கார்ந்த ஸ்டெல்லாதான் அதைப் பார்த்துக் குரல் கொடுப்பாள்.

"இன்னாம்மா, படகு எந்த ஊருக்குப் போவுது?" என்று மாடு மேய்ப்பவர் சிரிப்பார்.

"மழ வரட்டும்ணா, நீயே ஏறிக்குவ."

மறு வருஷம் அவள் அப்பா படுக்கையில் விழுந்தார். ஸ்டெல்லா படிப்பை விட்டுக் கம்பெனிக்குப் போனாள்.

அந்த ஐப்பசியில் ஏரி நிரம்பியது. டிரம்களைச் சேர்த்துக் கட்டித் தண்ணீரில் இறக்கினோம். குரல் கொடுக்க ஆளில்லை. மூங்கில்கள் மோதிக்கொண்டன, மிதவை நின்ற இடத்திலேயே சுற்றியது. கரைமேல் நைட் ஷிப்ட் முடிந்த கம்பெனி பஸ் வந்தது. ஜன்னல் கண்ணாடியில் தலை சாய்த்து ஸ்டெல்லா தூங்கிக்கொண்டிருந்தாள். எல்லோரும் சேர்ந்து கத்தினோம். அவள் விழிக்கவில்லை.

"யோவ், எவ்ளோ வாட்டி சொல்றது, கயித்த வுடுய்யா!" என்றார் மேஸ்திரி.

மற்றவர்கள் எப்போதோ விட்டிருந்தார்கள்.