கம்பித் தடுப்பும் என் கடிதமும்

எங்கள் ஜனக்புரிச் சாலையை மேம்படுத்தப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது நான் சந்தோஷப்பட்டேன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முப்பத்துநான்கு வருடம் மத்திய அரசு அலுவலகத்தில் கோப்புகளை ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குத் தள்ளியவன் நான். மேம்பாடு என்ற சொல் காதில் விழுந்தால் ஓய்வுபெற்ற பிறகும் என் முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும்.

சாலையின் இந்தப் பக்கம் நானும் மனைவியும். நேர் எதிரே, அந்தப் பக்கம், மனைவியின் அக்கா. அக்காவும் தங்கையும் பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து நர்ஸ் வேலைக்காக டெல்லிக்கு ரயிலேறியவர்கள். அக்காவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறியது. அவருடைய மகள் காலை எட்டு மணிக்கெல்லாம் குர்காவுனுக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவாள். பத்து மணிக்கு என் மனைவி சாலையைத் தாண்டிப் போவாள். அக்காவைக் குளிப்பாட்டி, தலை சீவி, கஞ்சி ஊட்டி, செத்த கையை ஒவ்வொரு விரலாக நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுத்துவிட்டு மூன்று மணிக்குத் திரும்புவாள். சாலை நடுத் திட்டில் எங்கள் வீட்டுக்கு எதிரே ஓர் இடைவெளி இருந்தது. டெல்லியில் அதற்குக் 'கட்' என்று பெயர். அதன் வழியாகத் தாண்டினால் ஐந்து நிமிடம். வார்டில் முப்பது வருடம் நின்றே தேய்ந்த முழங்கால்களுக்கு அவ்வளவுதான் தாங்கும்.

மேம்பாடு ஒரு கோடைக்காலத்தில் தொடங்கி அடுத்த கோடைக்காலத்தில் முடிந்தது. முடிந்தபோது பார்க்கக் கண்கொள்ளாக் காட்சிதான். நடைபாதையில் சிவப்புக் கல். அதன் நடுவில் பழைய மின்கம்பம், யாருக்கும் தொந்தரவு தராமல் அதே இடத்தில். போகிற வண்டிகளின் புகையை உட்கார்ந்து நிதானமாகக் குடிப்பதற்காகச் சாலையைப் பார்த்து நான்கு பெஞ்சுகள். சிக்னலை எடுத்துவிட்டார்கள், வண்டிகள் நிற்கவே வேண்டாம். நடுத் திட்டில் என் நெஞ்சுயரத்துக்கு இரும்புக் கம்பித் தடுப்பு. எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த 'கட்'டையும் மூடிவிட்டார்கள்.

மனிதர்களை மறந்துவிட்டார்கள் என்று சொல்லக்கூடாது. அவர்களுக்காக ஒரு நடைமேம்பாலம் கட்டினார்கள், லிஃப்ட் வைத்து. திறப்பு விழாவன்று லட்டு கொடுத்தார்கள். என் மனைவி லிஃப்டில் இரண்டு முறை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லயே, நம்மளயும் நெனச்சிருக்காங்க" என்றாள். அடுத்த வாரம் லிஃப்ட் கதவில் சங்கிலி தொங்கியது. விசாரித்ததில், லிஃப்டை இயக்குவதற்கான பணியிடம் இன்னும் அனுமதிக்கப்படவில்லை என்றார்கள். மற்றவர்கள் திட்டினார்கள். எனக்கு மட்டும் அது மிகவும் நியாயமாகப் பட்டது. என் வேலைக்காலத்தில் நானே அப்படி எத்தனை பதில் எழுதியிருக்கிறேன்! பாலத்தின் நெற்றியில் பெரிய விளம்பரப் பலகை. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்கானது. இடம் பார்த்து வைத்த புத்திசாலியைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஏற நாற்பத்தெட்டுப் படி, இறங்க நாற்பத்தெட்டுப் படி. முதல் நாள் அவள் பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக ஏறினாள். திரும்பும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தாள். மூன்றாம் நாள் முழங்கால் வீங்கிவிட்டது. ஆட்டோவில் போகலாம்தான். ஆனால் ஊரைச் சுற்றி யூ-டர்ன் அடித்து, எதிர் வீட்டுக்குப் போக முக்கால் மணி நேரம். "சாம்னே வாலா கர்?" என்று, எதிர் வீட்டுக்கா எனக் கேட்டுச் சிரித்துவிட்டு ஆட்டோக்காரர்கள் போய்விடுவார்கள். தினமும் போனவள் வாரத்துக்கு இரண்டு நாள் போனாள். பிறகு ஒரு நாள். அக்காவின் கை மறுபடியும் இறுகத் தொடங்கியது. இன்னும் மூன்று மாதம் இப்படிப் போனால் அந்த விரல்கள் விரியவே விரியாது என்று நர்ஸாகச் சொன்னாள், தங்கையாக அழுதாள்.

அப்போதுதான் டெல்லி மக்கள் தங்கள் பங்குக்கு மேம்பாட்டில் இறங்கினார்கள். ஒரு காலையில் பார்த்தால், மருந்துக்கடைக்கு எதிரே தடுப்பில் இரண்டு கம்பிகளைக் காணோம். ஒருவர் பக்கவாட்டில் நுழையலாம். ஒரே வாரத்தில் அது பொதுவழியாகிவிட்டது. பள்ளிப் பிள்ளைகள், அலுவலகம் போகிறவர்கள், பூஜைத் தட்டோடு பண்டிட்ஜி, எல்லோரும் அதில்தான். காய்கறிக்காரர் தன் வண்டியை அங்கேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். ஆள் கூட்டத்தைப் பார்த்து வண்டிகளும் அந்த இடத்தில் தாமாகவே வேகத்தைக் குறைத்தன. எந்தப் பொறியாளரும் வரைபடம் போடாமல், எந்த மந்திரியும் ரிப்பன் வெட்டாமல் ஒரு காரியம் ஒழுங்காக நடந்தது.

நான் கையைக் காட்டி வண்டிகளை நிறுத்துவேன். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கம்பிக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போவாள். குளிர்காலம் முழுக்க ஒரு நாள் விடவில்லை. பொங்கல் சமயத்தில் அக்காவின் இரண்டு விரல்கள் அசைந்தன. அன்று வீட்டுக்கு வந்து என்னிடம் அதைச் சொல்லும்போது என் மனைவிக்கு மூச்சு வாங்கியது. நடையினால் அல்ல.

இத்தோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முடியவில்லை. உடைந்த தடுப்பு வழியாக என் மனைவி தினமும் விதியை மீறிக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்கு உறுத்தியது. கோப்பில் இல்லாதது உலகத்தில் இல்லை என்று நம்பி வளர்ந்த ஜாதி எங்களுடையது. உட்கார்ந்து ஒரு கடிதம் தயாரித்தேன். மேற்படி இடைவெளியைப் பொதுமக்கள் பெருமளவில் பயன்படுத்துவதால், அதை முறைப்படுத்தி ஜீப்ரா கோடு போட்டுத் தருமாறு கேட்டு மூன்று பத்தி. கூடவே கையால் வரைந்த வரைபடம், பக்கத்து விளக்குக் கம்பத்தின் எண், இரண்டு புகைப்படங்கள். மூன்று அலுவலகங்களுக்கு நகல்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, ஒழுங்கா நடக்குற காரியத்த எதுக்கு எழுதிப் போடுதீய?"

"எதுவும் முறையா இருக்கணும்லா" என்றேன்.

முப்பத்துநான்கு வருடப் பணியில் அப்படி ஒரு வேகத்தை நான் கண்டதில்லை. நான்காம் நாள் காலை வெல்டிங் இயந்திரத்தோடு லாரி வந்து நின்றது. இடத்தைத் தேடி அவர்கள் அலையவே இல்லை. மேஸ்திரியின் கையில் நான் அனுப்பிய புகைப்படத்தின் அச்சுப்பிரதி இருந்தது. விளக்குக் கம்பத்தின் எண்ணை அதில் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார்கள். இரண்டு கம்பிகளைப் பற்றவைத்ததோடு நிற்காமல், இனி யாரும் கைவைக்காதபடி அந்த நீளம் முழுவதும் இரும்பு வலையும் அடித்தார்கள். மதியத்துக்குள் என் கைபேசிக்குச் செய்தி வந்துவிட்டது. என் புகார் தீர்த்துவைக்கப்பட்டதாம். விழிப்புள்ள குடிமகனான எனக்கு நன்றியாம்.

அந்தச் செய்தி வருவதற்கு முன்பே, பத்து மணிக்குப் பையோடு வந்து, அடித்துக்கொண்டிருந்த வலைக்கு முன்னால் நின்றாள் என் மனைவி. மேஸ்திரியின் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"முப்பத்துநாலு வருசம் எழுதுனீயள்லா? அதுல ஒரு ஆளாவது ரோட்டத் தாண்டியிருக்கானா?"

வெட்கமாக இருந்தது. என் வாழ்க்கை முழுவதையும் ஒரே கேள்வியில் தணிக்கை செய்துவிட்டாள்.

மாலைக்குள் பெட்டி தயாராகிவிட்டது. ஐந்தாறு புடவை, பி.பி. மாத்திரை, முழங்காலுக்கு எண்ணெய், பைபிள். "நான் அக்கா கூடவே இருந்துக்கிடுதேன். எனக்கு அந்தப் படி ஏற முடியாது. ஒங்களுக்குக் கால் நல்லாத்தான இருக்கு, நீங்க வாங்க" என்றாள். ஆட்டோ ஒன்று மனமிரங்கி வந்தது. அது ஊரைச் சுற்றிவிட்டு வந்து எதிர்ப்பக்கம் நிற்கும் வரை நான் எங்கள் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இறங்கி, என் பக்கம் ஒரு முறை கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, உள்ளே போனாள்.

இப்போது ஏப்ரல் மாதம். தினமும் காலையில் நானே சாதம் வடித்து, ஒரு குழம்பு வைத்து, தூக்குச்சட்டியோடு பாலம் ஏறுகிறேன். வீட்டில் தனியாக, பேச்சுக்கு ஆளில்லாமல் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. டிவிதான் கத்திக்கொண்டிருக்கிறது. அங்கே அக்காவின் மூன்றாவது விரலும் அசையத் தொடங்கியிருக்கிறது. அதனால் திரும்பி வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

போன வாரம் பாலத்தின் நடுவில், கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டேப்லெட்டுமாக ஒரு பெண்மணி நின்றுகொண்டிருந்தார். பாலத்தின் பயன்பாடு பற்றிய கணக்கெடுப்பு என்று ஹிந்தியில் சொன்னார்.

"அங்கிள்ஜி, தினமும் இந்தப் பாலத்தில்தான் போகிறீர்களா?"

"தினமும்."

"முன்பைவிட இப்போது அதிகமாகவா?"

"முன்பு ஏறியதே இல்லை."

அவர் முகம் மலர்ந்தது. காலையிலிருந்து இப்படி ஒரு நல்ல பதில் கிடைக்கவில்லை போலிருக்கிறது. "எதற்காகப் போகிறீர்கள்? அலுவலகம், கடை, பள்ளி, மருத்துவமனை?"

"என் மனைவியைப் பார்க்க."

நிமிர்ந்தார். "ஆன்ட்டி எங்கே இருக்கிறார்?" அந்தப் பக்கம் காட்டினேன். "உங்கள் வீடு?" இந்தப் பக்கம் காட்டினேன். இரண்டு வீட்டையும் பார்த்தார். நடுவில் நிற்காமல் ஓடும் வண்டிகளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் விரல் திரைமேல் நின்றது. பிறகு 'மற்றவை' என்ற கட்டத்தைத் தொட்டார்.

"அச்சா அங்கிள்ஜி, கடைசியாக, மேம்பாட்டுக்கு உங்கள் ஆலோசனை ஏதாவது எழுதித் தர விரும்புகிறீர்களா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தூக்குச்சட்டி சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொண்டு, படி இறங்கினேன்.